மூட்டை ஆறு, பெண் ஒன்று

இதை நான் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன். எனக்கே தெரிகிறது. கொக்கி என்று ஆரம்பிப்பேன், எந்தக் கொக்கி என்பார் என் வீட்டுக்காரர், தார்ப்பாய் கட்டுகிற கொக்கியா, முன்னால் இருக்கிற கொக்கியா என்று பட்டறைக்காரர் மாதிரி கேட்பார், அதற்குள் எனக்கு நாக்கு உலர்ந்து, சங்கிலி என்று சொல்லவேண்டிய இடத்தில் சக்கரம் என்று வந்துவிடும். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவர் சிரிப்பது எனக்காக வெட்கப்பட்டுச் சிரிப்பது, அது இன்னும் மோசம். அதனால் முதலில் மனசுக்குள் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். ஏனுங்க, சறுக்கை மாட்டுவதற்கு நேற்று ஒரு கொக்கி பற்றவைத்தீர்களே, அதற்கு அடியில் ஒரு கோடு தெரிகிறது. கோடு. கோடு என்றால் போதுமா, விரிசல் என்று சொல்லவேண்டுமா. விரிசல்தானா அது. பெயின்ட் உரிந்த தடமாக இருந்தால்? எட்டாவதோடு நின்றவளுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும், மண் சட்டியைத் தட்டினால் விரிசல் உண்டா என்று சத்தத்தில் சொல்லிவிடுவேன், இரும்பு என்ன சொல்கிறது என்று எனக்குக் கேட்காது. எங்கள் பிக்கப் வண்டியின் பின்னால், திறந்த தொட்டியில், மணல் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன். ஏரி காய்ந்து பாளம் பாளமாகக் கிடக்கிறது. முன்னால் மூன்று வண்டி நிற்கிறது, அதற்கப்புறம் நாங்கள். அவர் கீழே நின்று யாரிடமோ பேசுகிறார், கழுத்துத் துண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறார், சந்தோஷமாக இருந்தால் அப்படிச் செய்வார். மூன்று வண்டி போவதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடலாம். மூன்று வண்டி இருக்கிறதே.

சறுக்கு என்பது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. பழைய லாரியின் அடிச்சட்டத்தில் தகடு அடித்து, முன்பக்கத்தைப் படகு மாதிரி மேலே வளைத்துவிட்டிருக்கிறார்கள். சக்கரம் கிடையாது, தரையில் தேய்ந்துகொண்டேதான் வரும். அதைச் சங்கிலியால் வண்டியில் மாட்டி இழுக்க வேண்டும். பாதையின் இரண்டு பக்கமும் ஆம்பளைகள் வரிசையாக நிற்பார்கள், சறுக்கு தன் எதிரே வந்ததும் ஒவ்வொருத்தராக அதன்மேல் ஏறி நிற்பார்கள், போகப் போகப் பாரம் கூடும், கடைசியில் எந்த வண்டியாக இருந்தாலும் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றுவிடும். எது அதிக தூரம் போய் நிற்கிறதோ அதற்கு மாலையும் ஒரு கிடாயும். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிக்கு இதில் இடமில்லை, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற பிக்கப் வண்டிகள்தான். எங்கள் ஊர் வேன் ஸ்டாண்டுக்காரர்கள் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை வைக்கிற விளையாட்டு. போன வருஷம் இவர் வண்டி முதல் ஆள் ஏறுவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை, முன்பக்கம் எம்பி எம்பிக் குதித்து, தவளை மாதிரி, அப்புறம் நின்றது. அன்றையிலிருந்து ஸ்டாண்டில் இவருக்குத் தவளை என்று பேர். "தவளையண்ணா, ஒரு லோடு இருக்குது, தத்தித் தத்தி வந்துடுவீங்களா?" என்று இவர் மகன் வயசுப் பையன்கள் கேட்பார்கள். இவரும் சிரித்துக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார். குழந்தைவேல் என்று அவருக்கு எவ்வளவு நல்ல பேர்.

அதனால்தான் இந்த ஒரு மாசமாக நான் எதுவும் சொல்லவில்லை. வண்டியை வாசலில் நிறுத்தி இவர் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார், நான் விளக்குப் பிடித்தேன். பக்கத்து சீட்டைக் கழற்றினார், ஸ்டெப்னி சக்கரத்தைக் கழற்றினார், பின்கதவைக் கழற்றி மாட்டுக்கொட்டாயில் சாத்தினார். பின்னால் ஸ்பிரிங் பட்டைகளுக்கு மேல் புளியமரக் கட்டையைச் செதுக்கிச் செருகினார், இழுக்கும்போது வண்டி பின்னால் அமுங்கக் கூடாதாம். பின்சக்கரத்துக்குக் கட்டம் கட்டமாக வெட்டுப் போட்ட டயர் எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டி, காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, டயர் தரையில் எவ்வளவு படுகிறது என்று முட்டிபோட்டுப் பார்த்தார். "இங்க பாரு துளசி, இப்பத்தான் நல்லாக் கவ்வும்" என்றார். எனக்குக் காட்டினார். அவர் கடைசியாக எனக்கு ஒன்றைக் காட்டியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவு வரவில்லை. அப்புறம் முன்பக்கம் எம்பாமல் இருக்க பம்பர்மேல் பாரம் வைக்க வேண்டும் என்று வீடெல்லாம் தேடி, என் ஆட்டுக்கல்லை எடுத்தார். கிரைண்டர் வந்தபிறகு கொல்லையில் சும்மா கிடந்த கல்தான். குழவியைத் தனியே சாக்கில் கட்டி, கல்லைக் கயிறு போட்டு பம்பரில் இறுக்கினார். நான் கழுவிக் கொடுத்தேன். ஊர் பார்க்கப் போகிற கல்லாயிற்றே, பழைய மாவு ஒட்டியிருக்கக் கூடாது என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், அவர் சிரித்தார், "அது என்ன பொண்ணு பாக்கவா போகுது?" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தே சாப்பிட்டோம். நாம ஜெயிச்சுருவோம் என்றார். நான் ஜெயிச்சுருவேன் என்று சொல்லவில்லை. நாம என்றார். அந்த வார்த்தையை நான் அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது, இந்த வயசில்.

அந்த நாம எதற்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆறு மூட்டை மணல் எல்லா வண்டிக்கும் பொது. அதற்குமேல் பாரம் வேண்டுமென்றால் ஆள்தான் ஏறலாம், அதுவும் வெளியாள் கூடாது, ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் மட்டும். முதல் வருஷம் எவனோ மூட்டைக்குள் இரும்பை ஒளித்துவைத்ததிலிருந்து இந்தச் சட்டம். அண்ணன் தம்பி சேர்ந்து இருக்கிற வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம், தடித்தடியாக நாலு பேர் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். எங்கள் அடுப்பில் இரண்டு பேர். மகள் நிவேதா கல்யாணமாகிக் கரூரில் இருக்கிறாள். "நீ இருக்கியே" என்றார் இவர். "நீ ஒருத்தி போதும்." அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது, ஆனால் பட்டேன், என்னால் ஒரு உபயோகம் என்று பட்டேன், எந்தச் சேலை என்றுகூட யோசித்தேன். இங்கே வந்து இறங்கினால், எல்லா வண்டியிலும் சேர்த்துச் சேலை கட்டினவள் நான் ஒருத்திதான். விழாக் கமிட்டி சென்னியப்பன் சாக்பீசோடு வந்தார். மூட்டைகளைத் தட்டி எண்ணினார். என்னைப் பார்த்தார், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "ஒரே அடுப்புதானுங்களே அம்மிணி?" என்றார். ஆமாங்க என்றேன். வண்டியின் பக்கவாட்டில், எல்லோரும் படிக்கிற மாதிரி, மூட்டை 6, பெண் 1 என்று எழுதிவிட்டுப் போனார். பின்னாலிருந்து ஒருவன், "ஏப்பா, அதை மூட்டை ஏழுன்னு எழுதுனாலும் கணக்கு சரியாத்தான் இருக்கும்" என்றான். சிரிப்பு. இவரும் சிரித்தார். தவளை என்று கேட்டபோது சிரித்தாரே, அதே சிரிப்பு. அந்த எழுத்து என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, நான் பார்க்க முடியாது, ஆனாலும் முதுகில் எழுதின மாதிரி அரிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் மூட்டை நெளிகிறது, நெளிந்தால் பார்க்கிறார்கள். தலைப்பை இழுத்து இடுப்பை மூடினால் தோள் தெரிகிறது. எவனோ கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறான், அது சுற்றிச் சுற்றிக் கரூர் போய்ச் சேரும், சம்பந்தி வீட்டில் எல்லோரும் தலையைச் சேர்த்துக்கொண்டு பார்ப்பார்கள், நிவேதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். ஏற்கெனவே அவளுக்கு என்னால் மானக்கேடுதான். கடைகண்ணிக்குப் போனால் நான் ரவிக்கைக்குள் கை விட்டுச் சுருக்குப் பையை எடுப்பேன், "அம்மா, நாலு பேர் முன்னால அங்க கைய விடாதன்னு எத்தன தடவ சொல்றது" என்பாள். வேறு எங்கே வைப்பது, கைப்பை என்றால் எங்காவது மறந்துவிடுகிறேன். இங்கே வைத்ததை யாரும் எடுத்ததில்லை. இப்போதும் வீட்டுச் சாவி அங்கேதான் இருக்கிறது, வியர்வையில் ஒட்டிக்கொண்டு.

ஒரு வண்டி போய்விட்டது. பாதிகூடப் போகவில்லை. இன்னும் இரண்டு. இவர் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிட்டு மறுபடி இறங்கிவிட்டார். சொல்லவேண்டுமே. கோடு. நேற்றுச் சாயங்காலம்வரை கொக்கி கீழே, அடிச்சட்டத்தில்தான் இருந்தது. நேற்று இவர் கைபேசியில் வெள்ளைக்காரர்கள் வண்டி இழுப்பதை உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தார், பார்த்துவிட்டு, கொக்கி உயரமாக இருந்தால் இழுக்கிறபோது பாரம் முழுசும் பின்சக்கரத்தை அழுத்துமாம், இன்னும் கவ்வுமாம் என்று துள்ளி எழுந்தார். கொக்கி முழங்காலுக்கு மேலே போகக் கூடாது என்று சட்டம். யார் முழங்கால் என்று எழுதிவைக்கவில்லை. சென்னியப்பன் பக்கத்தில் வந்து நின்று தன் காலை வைத்துப் பார்ப்பார், அவர் பனைமரம் மாதிரி ஆள். "அவரு முழங்காலு நமக்கு இடுப்பு துளசி" என்று சொல்லிச் சிரித்து, பழைய கொக்கியை அறுத்தெடுத்து மேலே, தொட்டியின் பின் விளிம்புச் சட்டத்திலேயே பற்றவைத்தார். பற்றவைக்கிற மிஷினை வாங்கிவந்து தானே வைத்தார், பட்டறைக்குக் கொண்டுபோனால் தவளைக் கதை ஆரம்பிக்கும் என்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன், கண்ணைப் பறிக்கிற அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது. அடிச்சட்டம் கனமான இரும்பு, எனக்கே தெரியும், தொட்டி விளிம்பு மடித்த தகடு, அதுவும் எனக்கே தெரியும், பானை மாதிரி ஒலிக்கும். ஆனால் அவருக்குத் தெரியாததா. காலையில் சோதித்துப் பார்க்கத் தெருக்கோடி வேப்பமரத்தில் கயிறு கட்டி வண்டியால் ஒரு இழு இழுத்தார், வண்டி அப்படியே உட்கார்ந்து நின்றது, "பாத்தியா!" என்றார். நான் பின்னால் நின்றிருந்தேன். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோதுதான் அந்தக் கோடு. கொக்கியைப் பற்றவைத்த பற்றுக்குக் கீழே, முடி மாதிரி. நகத்தால் கீறினேன். பெயின்ட் துணுக்கு உதிர்ந்தது, அதற்குள்ளே பளிச்சென்று புதுசாக இருந்தது. துரு இருந்தால் பழசு என்று விட்டிருப்பேன். பளிச்சென்று ஏன் இருக்கவேண்டும்.

"ஏனுங்க" என்றேன் அப்போதே. "இந்தக் கொக்கி" என்றேன். அவர் ஆட்டுக்கல்லுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "என்ன, கேஸ் வாசம் அடிக்குதா?" என்றார். அவ்வளவுதான். கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தேன். கேஸ் வாசம் என்பது எங்கள் நாத்தனார் மகள் கல்யாணத்தில் நடந்தது. சமையல் கொட்டகையில் நுழைந்ததும் எனக்கு அந்த வாசம் அடித்தது, சத்தியமாக அடித்தது, கத்திவிட்டேன், எல்லோரும் ஓடினார்கள், அடுப்பையெல்லாம் அணைத்தார்கள், யாரோ ஓடுகிற வேகத்தில் சாம்பார் அண்டாவைச் சாய்த்துவிட்டார்கள், முகூர்த்தச் சாப்பாடு ரசத்தோடு போயிற்று. கடைசியில் அது பக்கத்துச் சாக்கடை என்றார்கள். இருக்கலாம். அன்றிலிருந்து நான் எதற்குப் பயப்பட்டாலும் கேஸ் வாசம்தான். பஸ் வேகமாகப் போகிறது என்றால் கேஸ் வாசம். நிவேதாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் கேஸ் வாசம். நிறைய தடவை நான் பயந்தது ஒன்றுமில்லாமல்தான் போயிருக்கிறது, அதையும் சொல்லவேண்டும், ஒளிக்கக் கூடாது. இப்போதும் ஒன்றுமில்லாமல் போகலாம். ஒன்றுமில்லாமல் போனால் இவர் மாலையோடு வருவார், தவளை என்கிற பேர் போகும், ராத்திரி சோறு இறங்கும். நான் பேசினால் கொக்கியை மாற்ற நேரமில்லை, வண்டியை வரிசையிலிருந்து எடுக்கவேண்டும், பெண்டாட்டி பயந்துவிட்டாள் என்று மைக்கில் சொல்வார்கள், ஆயுசுக்கும் சொல்வார்கள். ஒரு மாசம். புளியமரக் கட்டையைச் செதுக்கும்போது கை விரலைச் சீவிக்கொண்டார், அந்தக் கட்டு இன்னும் இருக்கிறது. ஒரு மாசச் சந்தோஷத்தை நான் நகத்தால் கீறிவிட வேண்டும். என்னால் முடியுமா. ஆனால் சங்கிலி விறைப்பாக நிற்கும்போது கொக்கி பிய்ந்தால் அது எங்கே போகும். துணி காயப்போடுகிற கம்பி ஒருமுறை அறுந்தது, ஈரச் சேலை பாரத்துக்கே அறுந்து, சுழன்று வந்து பிளாஸ்டிக் குடத்தை வெட்டியது, வெட்டின இடம் கத்தி போட்ட மாதிரி. அது வெறும் கம்பி. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு வளையமும் என் மணிக்கட்டு கனம். சங்கிலி மாட்டுகிற இடத்துக்கும் எனக்கும் நடுவே பின்கதவுகூட இல்லை. எனக்கு அப்புறம் கேபினின் பின்கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலை.

இரண்டாவது வண்டியில் ஒரே வீட்டுத் தம்பிகள் நாலு பேர், பின்னால் நின்றுகொண்டே ஆடுகிறார்கள். "அக்கா, நீங்க குலுங்கினாலே போதும், வண்டி பறக்கும்" என்று அதில் ஒருத்தன் என்னைப் பார்த்துக் கத்துகிறான். வயசு என் மகளைவிடக் குறைவு. நான் கேட்காத மாதிரி ஆட்டுக்கல் பக்கம் பார்க்கிறேன், இங்கிருந்து அது தெரியாது, கேபின்தான் தெரியும், கேபினைப் பார்க்கிறேன். அவர்கள் வண்டி கிளம்புகிறது. புகை, மண், உறுமல். சறுக்கில் ஒருத்தர் ஏறுகிறார், இன்னொருத்தர், இன்னொருத்தர், வண்டியின் முன்பக்கம் மெல்லத் தூக்குகிறது, முன்சக்கரம் இரண்டும் காற்றில் சும்மா சுற்றுகிறது, கூட்டம் விசில் அடிக்கிறது, அப்புறம் தொப்பென்று விழுந்து நிற்கிறது. விழுந்த அதிர்ச்சியில் சங்கிலி தளர்ந்து, ஒரு தடவை துள்ளி, தரையில் அறைகிறது. அறைந்த இடத்திலிருந்து மண் என் வாய் வரைக்கும் வருகிறது. யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் தூரத்தை அளக்கிறவரைப் பார்க்கிறார்கள். எனக்கு ஒண்ணுக்கு வருகிறது. இவ்வளவு ஆம்பளைக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது என்று ஒரு பக்கம் மனசு போகிறது, இன்னொரு பக்கம் கோடு, கோடு என்று அடித்துக்கொள்கிறது, என்ன மனசோ, சாவைப் பற்றி நினைக்கும்போதும் சேலை நனைந்துவிடுமோ என்றுதான் நினைக்கிறது. "ஏனுங்க" என்கிறேன். சத்தம் வரவில்லை. மறுபடி, "ஏனுங்க!" அவர் வந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார், முகம் பூராவும் வெயில். "கொக்கிக்கு அடியில சங்கிலி விட்டிருக்குது" என்கிறேன். தப்பு. பற்று விட்டிருக்கிறது என்று சொல்லவேண்டும். "சங்கிலி எங்க விட்டிருக்கு? சங்கிலி இன்னும் மாட்டவே இல்லையே துளசி" என்கிறார், மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல், கெஞ்சுகிற மாதிரி. "கொஞ்ச நேரம். கெட்டியாப் பிடிச்சுட்டு உக்காரு. எனக்காக." எனக்காக என்றால் நான் என்ன செய்ய. தலையை ஆட்டினேன். அதுதான் இன்றைக்கு எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கம், அந்தத் தலையாட்டல்.

மூன்றாவது வண்டி எப்போது போனது என்று தெரியவில்லை. எங்கள் வண்டி கிளம்புகிற கோட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் சறுக்கு, வாயைத் திறந்துகொண்டு இருக்கிற மாதிரி. மைக்கில், "அடுத்து நம்ம குழந்தைவேலண்ணன், இந்த வருஷம் குடும்பத்தோட களம் எறங்கியிருக்காரு!" என்கிறார்கள். சங்கிலி மாட்டுகிறபோது எஞ்சினை அணைத்துவிட்டு, ஓட்டுகிறவர் வண்டியைவிட்டு வெளியே வந்து, எல்லோரும் பார்க்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும், ஒருமுறை ஒருத்தர் விரல் போனதிலிருந்து அப்படி. எஞ்சின் நின்றது. இவர் இறங்கி, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஆட்டுக்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பத்தடி தள்ளிப் போய் இரண்டு கையையும் தூக்கினார். சென்னியப்பன் பின்னால் வந்து முழங்காலை ஒட்டிவைத்துப் பார்த்து, சரி என்றார். ஒருவன் சங்கிலியைத் தூக்கிக் கொக்கியில் போட்டான். சும்மா போட்டதற்கே, இன்னும் இழுக்கவே இல்லை, சங்கிலியின் சொந்தக் கனத்துக்கே, என் காலடியில் தகடு டிங் என்றது. மெல்லிசாக. விரிசல் விடுகிறபோது மண் சட்டி சொல்லுமே, அது மாதிரி. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

அப்புறம் நான் எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. மூட்டையிலிருந்து எழுந்தேன். பின்கதவு இல்லாததால் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, சேலை முழங்கால்வரை ஏற, சங்கிலிமேல் கால் வைத்துவிடாமல் சறுக்கி இறங்கினேன், இறங்கும்போது ஒரு கை மண்ணில் ஊன்றியது, பின்னால் யாரோ "மூட்டை கொட்டிப்போச்சுடோய்" என்றான். "அக்கா, எங்க போறீங்க, அண்ணனுக்கு வெயிட் கொறையுது" என்றது மைக். வண்டியைச் சுற்றிக்கொண்டு போனேன். வண்டியின் பக்கவாட்டு எழுத்தை அப்போதுதான் பார்த்தேன், பெண் என்பதை நன்றாகக் குண்டாக எழுதியிருந்தார். ஓட்டுகிற பக்கக் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே கை விட்டுச் சாவியைத் திருகி எடுத்தேன். இவர் தூக்கின கையை இறக்கவும் முடியாமல், "துளசி, ஏய், என்ன பண்ற? துளசி!" என்றார். அப்புறம் இறக்கிவிட்டு ஓடி வந்தார். கையை நீட்டினார். அந்தக் கை, கட்டுப் போட்ட விரலோடு, என் மூக்குக்கு நேரே. "குடு. எல்லாரும் பாக்கறாங்க. குடு துளசி." பார்த்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும், சறுக்கில் ஏறுவதற்காக நின்ற அத்தனை ஆம்பளைகளும், கைபேசிக்காரனும், கரூரும் பார்த்தது. சென்னியப்பன் "அம்மிணி, சாவியக் குடுங்க, நேரமாவுது" என்று அருகில் வந்தார். கோடு, விரிசல், பற்று, எந்த வார்த்தையும் வாயில் இல்லை. நான் தலைப்பைக் கொஞ்சம் விலக்கி, ரவிக்கைக்குள் கையை விட்டு, வீட்டுச் சாவிக்குப் பக்கத்தில் வண்டிச் சாவியைப் போட்டுக்கொண்டேன். வெயிலில் கிடந்த சாவி, நன்றாகச் சுட்டது. கையை வெளியே எடுத்தேன். சென்னியப்பன் வானத்தைப் பார்த்தார். காலையிலிருந்து என்னைவிட்டுக் கண்ணை எடுக்காத வரிசை முழுவதும் தரையைப் பார்த்தது. நீட்டின கையை இவர் மெல்ல மடக்கினார். நான் மார்பின்மேல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, முன்சக்கரத்துக்கு எதிரே, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.